மும்பைல டிவி சீரியல் ரைட்டர் ஆகறது எப்படி, அங்கேர்ந்து தயாரிப்பாளர் ஆகறது எப்படி

தமிழ்நாட்டுலேர்ந்து ரயில் ஏறி வர்றவங்களா இருந்தாலும் சரி, இங்கயே தாராவி, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலின்னு பொறந்து வளர்ந்தவங்களா இருந்தாலும் சரி, ஹிந்தி சீரியல் எழுதணும்னு கிளம்பற நம்மாளுங்க முக்கால்வாசி பேர் கையில ஒரு கதையோடதான் வர்றாங்க. பெரிய தயாரிப்பாளர் ஒருத்தர்கிட்ட அந்தக் கதைய சொல்லிட்டா போதும், மத்ததெல்லாம் தானா நடக்கும்னு ஒரு நெனப்பு. சீரியல் கம்பெனிங்க இருக்கற அந்தேரில கதைக்குப் பஞ்சமே கிடையாதுங்க, ஒவ்வொரு ஆபீஸ்லயும் கான்செப்ட் நோட்டு குவிஞ்சு கெடக்கு. ஆள் கெடைக்காம தவிக்கறது எதுக்குன்னா, வாரத்துல ஆறு நாளோ ஏழு நாளோ ஓடற சீரியலுக்கு மத்தியானம் சீன் கேட்டா சாயங்காலம் தர்ற ஆளுக்குத்தான். அந்த ஆளா நீங்க ஆகறதுக்கு என்ன பண்ணணும்னு வரிசையா சொல்றேன். உங்க கதைய எப்ப வெளிய எடுக்கணும்ங்கறதும் கடைசில வரும், அது வரைக்கும் அது பத்திரமா பையிலயே இருக்கட்டும்.

யார் என்ன வேலை பாக்கறாங்க

கதை திரைக்கதை வசனம்னு ஒரே பேர் ஸ்க்ரீன்ல வர்றத பாத்துப் பழகினவங்களுக்கு இங்க கொஞ்சம் குழப்பமா இருக்கும். ஹிந்தி டெய்லி சோப்ல, அதாவது தினசரி சீரியல்ல, பெரும்பாலும் கதை ஒருத்தர், திரைக்கதை இன்னொருத்தர், வசனம் வேறொருத்தர். கதைக்காரர் அடுத்த சில வாரத்துக்கு ட்ராக், அதாவது கதைப்போக்கு, எப்படிப் போகணும்னு எழுதித் தருவார். திரைக்கதைக்காரர் அத எபிசோடா வெட்டி, ஒவ்வொரு எபிசோடையும் சீன் சீனா பிரிச்சு, ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்னாடியும் ஒரு ஹூக், அதாவது அடுத்து என்னன்னு இழுத்துப் பிடிக்கற ஒரு விஷயம், வைப்பார். வசனகர்த்தாவுக்கு அதுக்கப்புறம்தான் வேலை. அரை மணி நேர ஸ்லாட்டுன்னா விளம்பரம் போக சுமார் 20லேர்ந்து 22 நிமிஷம்தான் நம்ம கையில, அதுலயே ரீகேப்பும் (முன்ன நடந்தது) ப்ரீகேப்பும் (அடுத்து வரப்போறது) அடக்கம்.

இவங்களுக்கு மேல தயாரிப்பு கம்பெனியோட கிரியேட்டிவ் டீம் இருக்கும், அதுக்கும் மேல சேனல். ஈபி, அதாவது எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசர்னு ஒருத்தர சொல்வாங்க, அதுல புதுசா வர்றவங்க குழம்பிடுவாங்க, ஏன்னா சேனல் பக்கம் ஒரு ஈபி இருப்பார், கம்பெனி பக்கமும் ஒரு ஈபி இருப்பார். சேனல் ஈபி கதைய பாக்கறவர், நீங்க எழுதினத அடிக்கறதும் ஓகே பண்றதும் அவர்தான். கம்பெனி ஈபி ஷூட்டிங்க பாக்கறவர், ஆர்ட்டிஸ்ட் டேட், செட், செலவு எல்லாம் அவர் கையில. முதல் ஆளு சந்தோஷமா இருந்தா உங்க சீன் பாஸாகும், ரெண்டாவது ஆளு சந்தோஷமா இருந்தாத்தான் அந்த சீன் நீங்க எழுதின மாதிரியே எடுக்கப்படும்.

மொழி விஷயத்துல பயம் வேண்டாம். கதையும் திரைக்கதையும் நிறைய இடத்துல இங்கிலீஷ்லயோ, ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்தோதான் எழுதறாங்க. வசனம்தான் வேற விஷயம். அதுக்கு பள்ளிக்கூட ஹிந்தி பத்தாது, லக்னோ வீட்டு மாமியார் பேசறதுக்கும் இந்தூர் கடைக்காரர் பேசறதுக்கும் வித்தியாசம் காதுல விழுந்திருக்கணும். அதனால முதல்ல திரைக்கதை பக்கமே குறி வைங்க. ஹிந்தி காது வளர வளர வசனத்துக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

ஊர் தெரிஞ்சுக்கறது

ஆபீஸ் முக்கால்வாசி அந்தேரி வெஸ்ட்லதான்: ஓஷிவாரா, லோகண்ட்வாலா, வர்சோவா, யாரி ரோடு. ஆரம் நகர்னு கேள்விப்படுவீங்க, வர்சோவால இருக்கு, அது ஆடிஷன் நடக்கற பக்கம், நடிகர்களுக்குத்தான் அதிகம், ரைட்டருக்கு அங்க பெருசா வேலை இல்ல. ஷூட்டிங் கோரேகாவ் ஈஸ்ட் ஃபிலிம் சிட்டி, மட் பக்கம் பங்களாக்கள், மீரா ரோடு, நாய்காவ்னு பரவிக் கெடக்கும்.

வாடகைக்கு பயந்து சொந்தக்காரங்க வீட்டுல தங்கறவங்க தங்கலாம், தப்பே இல்ல. முலுண்ட், டோம்பிவிலின்னா சென்ட்ரல் லைன்ல காட்கோபர் வந்து அங்கேர்ந்து மெட்ரோ, 2014ல ஆரம்பிச்ச லைன், நேரா அந்தேரி தாண்டி வர்சோவா வரைக்கும் விட்டுடும். செம்பூர்க்காரங்க குர்லால மாறி காட்கோபர் வரணும். தாராவின்னா மாஹிம் போய் வெஸ்டர்ன் லைன் பிடிக்கறது சுலபம். ஆனா சீரியல் வேலைல ராத்திரி பத்து மணிக்கும் ஃபோன் வரும், காலைல ஏழு மணிக்கும் வரும், அதனால ரயில்ல நின்னுட்டே ஃபோன்ல டைப் பண்ணப் பழகிக்கோங்க, இங்க பாதி பேர் அப்படித்தான் எழுதறாங்க.

கைக்கு பயிற்சி

யாரையும் பாக்கப் போறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க. ஓடிட்டிருக்கற ஒரு ஹிந்தி சீரியல் எடுத்துக்கோங்க, உங்களுக்கு பிடிச்சதா இருக்கணும்னு அவசியம் இல்ல, நல்லா ஓடறதா இருக்கணும். ஒரு வாரம் பாத்து ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒன்லைன் எழுதுங்க: எத்தனை சீன், எந்த இடம், யார் யார், எந்த இடத்துல ப்ரேக், எபிசோடு எந்த முகத்துல முடியுது. அடுத்த வாரத்துக்கான எபிசோடுகள நீங்களே யோசிச்சு ஒன்லைன் எழுதி வச்சுட்டு அப்புறமா பாருங்க. அவங்க போன வழியும் நீங்க போன வழியும் எங்க பிரிஞ்சுதுன்னு பாருங்க. பெரும்பாலும் நீங்க கதைய வேகமா நகத்தியிருப்பீங்க, அவங்க ஒரே விஷயத்த மூணு பேர் முகத்துல காட்டி ஒரு எபிசோடு ஓட்டியிருப்பாங்க. வெளிலேர்ந்து பாக்கறப்ப இழுக்கறாங்கன்னு தோணும், ஆனா அடுப்படில வேலை பாத்துட்டே டிவிய காதால கேக்கற அம்மாவுக்கு அந்த மூணு முகமும் வேணும். அவங்கள மதிக்காம இந்த வேலைக்கு வராதீங்க, தயவுசெஞ்சு சொல்றேன். சீரியல் பாக்கறவங்கள மட்டமா நினைக்கறவன் எழுதற சீன்ல அது தெரிஞ்சுடும்.

இதுக்கப்புறம் உங்க கையில மூணு சாம்பிள் இருக்கணும். ஒரு வாரத்துக்கான ஒன்லைன், ஒரு முழு எபிசோடு திரைக்கதை, ரெண்டு பேர் ஒரு ரூம்ல பேசற ஒரே ஒரு சீன் வசனத்தோட. எல்லாம் சேத்து கால் மணி நேரத்துல படிக்கற அளவுக்கு இருக்கட்டும், 200 பக்க கதைய யாரும் படிக்க மாட்டாங்க.

உள்ள நுழையற வாசல்கள்

நேரா ரைட்டரா எடுக்க மாட்டாங்க, அத எதிர்பாக்காதீங்க. தயாரிப்பு கம்பெனில கிரியேட்டிவ் அசிஸ்டெண்ட்னு ஒரு வேலை உண்டு. ஸ்க்ரிப்ட்ட ஸ்பாட்டுக்கு கொண்டு சேக்கறது, கன்டின்யூட்டி (சீனுக்கு சீன் டிரஸ்ஸு, பொருள் எல்லாம் ஒத்துப்போகுதான்னு) பாக்கறது, எடிட்டுக்கு நோட்ஸ் தர்றது, சேனல் சொன்ன மாத்தத்த ரைட்டர்கிட்ட சொல்றது. சம்பளம் கம்மி, நேரம் காலம் கிடையாது, ஆனா செட்டுல எழுத்து எப்படி உடைஞ்சு மறுபடி ஒட்டப்படுதுன்னு இத விட நல்லா எந்தக் கோர்ஸும் சொல்லித் தராது. காசு இருந்தா ஃபிலிம் சிட்டிக்குள்ளயே விசிலிங் வுட்ஸ்ங்கற சினிமா ஸ்கூல் இருக்கு, பூனால எஃப்டிஐஐங்கற சினிமா ஸ்கூல் இருக்கு, படிக்கறது நல்லதுதான். கட்டாயம்னு ஒண்ணும் இல்ல. இன்னொரு வாசல், ஏற்கனவே எழுதிட்டிருக்கற ஒரு ரைட்டர்கிட்ட அசிஸ்டெண்டா சேர்றது.

நம்மாளுங்களுக்குன்னே ரெண்டு வாசல் தனியா இருக்கு, அத நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல. ஒண்ணு டப்பிங். ஹிந்திலேர்ந்து தமிழுக்கு விளம்பரம், புராண சீரியல், ஓடிடி தொடர்னு இந்த ஊர்லயே நிறைய டப்பிங் நடக்குது. டப்பிங் வசனம் எழுதறவர் உதடு பாத்து எழுதணும், நடிகரோட உதடு ஒட்டற இடத்துல ப, ம வர்ற வார்த்தை விழணும், அவர் வாய் மூடறப்ப நம்ம வாக்கியமும் முடியணும். இத கொஞ்ச நாள் பண்ணினா வசனத்தோட நீளம் தானா கைக்கு வந்துடும்.

இன்னொண்ணு ரீமேக். டிவில கதை மாநிலம் விட்டு மாநிலம் போயிட்டே இருக்கு. பெங்காலில 2019ல ஆரம்பிச்ச ஸ்ரீமோயிதான் 2020ல ஹிந்தில அனுபமா ஆச்சு, அதே வருஷம் விஜய் டிவில பாக்கியலட்சுமி ஆச்சு. நம்ம பாண்டியன் ஸ்டோர்ஸ் 2018ல வந்தது, ஹிந்தில பாண்ட்யா ஸ்டோர்னு 2021ல ஸ்டார் ப்ளஸ்ல வந்துச்சு. இந்த மாதிரி வேலைல தமிழ் எபிசோட பாத்து, எது ஊர் விஷயம், எது எந்த ஊருக்கும் பொருந்தற விஷயம்னு பிரிச்சு சொல்ற ஆள் தேவை. பொங்கல் சீன் குஜராத்தி வீட்டுல என்னவா மாறும், அண்ணி கொழுந்தன் உறவ அங்க எப்படி காட்டறாங்க, இதையெல்லாம் ஒரு ரெண்டு பக்கத்துல எழுதிக் காட்டினீங்கன்னா அதுவே உங்க விசிட்டிங் கார்டு. அதே மாதிரி ஹிந்தி சீரியல்ல தமிழ்க் குடும்பமும் வரும், 2013லேர்ந்து 2019 வரைக்கும் ஓடின யே ஹை மொஹப்பத்தேன்ல நாயகி இஷிதாவே டெல்லில இருக்கற தமிழ்ப் பொண்ணுதான். இந்த மாதிரி ப்ராஜெக்ட் வர்றப்ப வீட்டுல எந்த விளக்கு இருக்கும், மாமனார எப்படிக் கூப்பிடுவாங்க, தினமும் பட்டுப்புடவை கட்டிட்டு யாரும் சமைக்க மாட்டாங்கன்னு சொல்ல ஆள் வேணும். மாதுங்காலயும் செம்பூர்லயும் வளர்ந்த உங்களுக்கு அது தினசரி வாழ்க்கை.

ஸ்பாட்டுல என்ன நடக்கும்

இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இங்கதான் ரைட்டர் நிக்கறதும் விழறதும். ஒரு உதாரணம். மருமக தன்னோட வளையல அடகு வச்ச விஷயம் மாமியாருக்கு தெரியணும், ஹால்ல மொத்த குடும்பமும் நிக்குது, நடுவுல புருஷன் வாயத் தொறக்காம நிக்கறான், இதான் நீங்க எழுதின சீன். காலைல ஒன்பது மணிக்கு ஃபோன் வருது. மாமியார் ஆர்ட்டிஸ்டுக்கு காய்ச்சல், ரெண்டு நாள் வர மாட்டாங்க. ஹீரோவுக்கு மத்தியானம் வரைக்கும்தான் டேட். ஹால்ல ரெண்டாவது யூனிட் வேற சீன் எடுத்துட்டிருக்கு, உங்களுக்கு கிச்சன்தான் இருக்கு. பேங்க்ல, அதாவது முன்னாடியே எடுத்து ரெடியா வச்சிருக்கறதுல, ஒரே ஒரு எபிசோடுதான் மிச்சம், அதனால தள்ளிப் போடவும் முடியாது.

இந்த நேரத்துல ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டுக்கோங்க. இந்த சீன்ல எந்தத் தகவல் போய்ச் சேரணும்? எபிசோடு யார் முகத்துல முடியணும்? தகவல், வளையல் அடகுல இருக்குங்கறது வெளிய வர்றது. முடியற முகம், மருமகளோடது. அப்ப மாமியார் நேர்ல இருக்க வேண்டியதே இல்ல. கிச்சன்ல மருமக ரொட்டி போட்டுட்டு இருக்கா, நாத்தனார் வெறும் கைய பாக்கறா, ஒண்ணும் கேக்கல, தன் கையில இருக்கற வளையல கழட்டி மேடைமேல வைக்கறா. அப்ப மாமியார்கிட்டேர்ந்து ஃபோன் வருது, ஸ்பீக்கர்ல குரல் மட்டும், நாளைக்கு பூஜைக்கு அந்த வளையல போட்டுக்கோன்னு சொல்லுது, குரல அப்புறமா டப் பண்ணிக்கலாம். வாசப்படில ஹீரோ நிக்கறான், அவனுக்கு ஒரே ஒரு ரியாக்ஷன் ஷாட், அத மத்தியானத்துக்குள்ள எடுத்துடலாம். ரொட்டி கருகுது, மருமக முகம், ஃப்ரீஸ். முதல்ல எழுதினத விட இது நல்லாவே வந்திருக்கு பாருங்க, நாலு ஆர்ட்டிஸ்ட்டோட ஒரு நாள் காசும் மிச்சம். இத பதினோரு மணிக்குள்ள எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பற ரைட்டர யூனிட்டே தூக்கி வச்சுக் கொண்டாடும், அடுத்த சீரியல் ஆரம்பிக்கறப்ப ஈபி வாயிலேர்ந்து முதல்ல உங்க பேர்தான் வரும்.

குழந்தை கேரக்டர் எழுதறவங்க சட்டமும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 2017ல வந்த விதிப்படி குழந்தை நடிகர ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, ஓய்வு இல்லாம மூணு மணி நேரத்துக்கு மேல கூடாது. அப்ப ஒரு எபிசோட்ல எல்லா சீன்லயும் குழந்தைய வச்சு எழுதினா எடுக்கவே முடியாது. எடுத்தா யாரோ ஒரு புள்ள தூங்காம நிக்குதுன்னு அர்த்தம், அதுக்கு உங்க பேனாவும் பொறுப்பு.

வியாழக்கிழமை

எந்த சீரியல எவ்வளவு பேர் பாக்கறாங்கன்னு அளக்கற பார்க் அமைப்போட டிஆர்பி நம்பர் வியாழக்கிழமை தோறும் வரும். சனிலேர்ந்து வெள்ளி வரைக்குமான வாரத்துக்கு அடுத்த வியாழன் நம்பர், அதாவது சனிக்கிழமை ஓடின எபிசோடோட ரிசல்ட் கிட்டத்தட்ட ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரியும், அதுக்குள்ள நீங்க பத்து எபிசோடு தாண்டிப் போயிருப்பீங்க. நம்பர் விழுந்தா அன்னிக்கு மத்தியானமே மீட்டிங், ட்ராக்க தூக்குன்னு சொல்லிடுவாங்க. அதனால ஒவ்வொரு ட்ராக் ஆரம்பிக்கறப்பவும் இது பாதில நின்னா எங்க திரும்பலாம்னு ஒரு பக்கம் எழுதி வச்சுக்கோங்க. செத்துப் போனவர திரும்பக் கொண்டு வர்றது, மறதி நோய் இதெல்லாம் கடைசி நேரத்துல வழி இல்லாம வர்ற விஷயம், முன்னாடியே யோசிச்சவனுக்கு அது தேவைப்படாது.

காசும் காகிதமும்

ஸ்க்ரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன்ல மெம்பர் ஆகுங்க, அந்தேரி வெஸ்ட்லதான் ஆபீஸ், முன்னாடி ஃபிலிம் ரைட்டர்ஸ் அசோசியேஷன்னு பேர், 1960லயே தொழிற்சங்கமா பதிவானது. புதுசா வர்றவங்களும் சேரலாம், ஆன்லைன்லயே கதைய பதிவு பண்ணலாம், தமிழ்ல எழுதினதயும் பயப்படாம எடுத்துட்டுப் போய் கேளுங்க. இந்த நாள்ல இது உங்ககிட்ட இருந்துச்சுங்கறதுக்கு அந்தப் பதிவு சாட்சி. சம்பள பாக்கி, பேர் போடாதது மாதிரி தகராறுக்கு அங்க ஒரு கமிட்டியும் இருக்கு.

கான்ட்ராக்ட்ல நான் முதல்ல பாக்கறது மூணு இடம். எபிசோடுக்கு எவ்வளவு, அது எழுதினதுக்கா இல்ல ஒளிபரப்பானதுக்கா, எத்தனை நாள் கழிச்சு கைக்கு வரும். ஹிந்தி டிவில ஒளிபரப்பாகி 90 நாள் கழிச்சு காசுங்கறது சர்வ சாதாரணம். இன்னிக்கு வேலை கெடச்சாலும் எழுதற நாள், ஷூட்டிங் நாள் எல்லாம் சேத்தா நாலஞ்சு மாசத்துக்கு கை வறண்டுதான் இருக்கும், அதுக்கு ஏத்த மாதிரி சேமிப்போட வாங்க, இல்லன்னா டப்பிங் வேலைய கையில வச்சுக்கோங்க. அப்புறம் பேர் எந்த இடத்துல எப்படி வரும்னு எழுத்துல வாங்குங்க. பேர் இல்லாம எழுதச் சொல்லி கேப்பாங்க, ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு தடவை பரவால்ல, அதுவே பழக்கமாயிட்டா வெளில உங்கள யாருக்கும் தெரியாது. ராயல்டி வாங்கற உரிமைய 2012 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துட முடியாது, அத விட்டுத் தர்றதா ஏதாவது வரி இருந்தா சங்கத்துல காட்டிட்டு கையெழுத்து போடுங்க. 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரிக்குன்னு முன்கூட்டியே, பிடிச்சுட்டுத்தான் தருவாங்க, வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டா கூடப் பிடிச்சது திரும்ப வரும். வருஷ வரும்படி 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு.

தயாரிப்பாளர் ஆகணும்னா

எழுத்துலேர்ந்து தயாரிப்புக்குப் போனவங்க இருக்காங்க. ஸ்ரீமோயி எழுதின லீனா கங்கோபாத்யாய் கொல்கத்தால சொந்தமா தயாரிப்பு கம்பெனியும் நடத்தறாங்க. போற வழி பெரும்பாலும் ரைட்டர், கிரியேட்டிவ் ஹெட், சீரீஸ் ப்ரொட்யூசர், அப்புறம்தான் தயாரிப்பாளர். நடுவுல இருக்கற படிய தாண்டிக் குதிக்கறவங்க பணத்துலதான் அடிபடறாங்க.

கணக்கு இப்படி. ஹிந்தி சேனல்கள்ல பெரும்பாலும் எபிசோடுக்கு இவ்வளவுன்னு சேனல் பேசிடும், சீரியலோட உரிமை சேனலுக்கு. சென்னைல சன் டிவி ரொம்ப நாள் ஸ்லாட் முறைல ஓடினது, தயாரிப்பாளர் நேரத்த வாங்கி விளம்பரத்த அவரே விப்பார், லாபமும் நஷ்டமும் அவருக்கு. இங்க ரிஸ்க் வேற இடத்துல ஒளிஞ்சிருக்கு. செட்டு போடற செலவு முதல் நாளே உங்க கைய விட்டுப் போயிடும், அத நூத்துக்கணக்கான எபிசோடுல பரப்பித்தான் திரும்ப எடுக்கணும், மூணு மாசத்துல சீரியல மூடிட்டா அந்த செட்டு உங்க தலைல. சேனல் காசும் மாசக்கணக்குல கழிச்சு வரும், ஆனா லைட்மேனுக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் நீங்க அப்படி சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதனால ஒரு சில மாச செலவ தாங்கற பணமோ, பணம் போடற பார்ட்னரோ இல்லாம தனியா இறங்காதீங்க. முதல் சீரியல பெரிய கம்பெனி ஒண்ணோட சேந்து, கதையும் கிரியேட்டிவும் உங்களோடது, பணமும் யூனிட்டும் அவங்களோடதுன்னு பண்றது நல்ல வழி. கிரெடிட்டயும் பங்கையும் அப்பவே எழுதிக்கோங்க.

இப்பதான் அந்தப் பையிலேர்ந்து கதைய எடுக்கணும். வெறும் ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது, 1978லயே சுப்ரீம் கோர்ட் ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல சொல்லிட்டுது, எழுதி உருவம் கொடுத்ததுக்குத்தான் பாதுகாப்பு. அதனால விரிவா எழுதுங்க. 2003ல பாம்பே ஹைகோர்ட்ல ஜீ டெலிஃபிலிம்ஸுக்கும் சன்டயல் கம்யூனிகேஷன்ஸுக்கும் ஒரு வழக்கு நடந்துச்சு, சீரியல் கான்செப்ட்ட சேனல்கிட்ட சொன்ன கம்பெனி போட்டது. நம்பிக்கைல சொன்ன விஷயத்த அனுமதி இல்லாம எடுத்துக்க முடியாதுன்னு சொல்லி அந்த சீரியலுக்குப் போட்டிருந்த தடையை கோர்ட் உறுதி பண்ணுச்சு. அவங்க கையில விவரமான கான்செப்ட் நோட்டும், யார்கிட்ட கொடுத்தாங்கங்கறதுக்கான தடயமும் இருந்துச்சு. உங்ககிட்டயும் அதே ரெண்டும் இருக்கணும்.

சேனலுக்கு கொண்டு போற ஃபைல்ல கதைச்சுருக்கம் ஒரு பக்கம், கேரக்டர் ஒவ்வொண்ணுக்கும் அரை பக்கம், முதல் மூணு வாரத்துக்கு எபிசோடு ஒன்லைன், அடுத்த ஆறு மாசத்துக்கு ட்ராக், நிரந்தர செட்டு எத்தனை, அவுட்டோர் எவ்வளவுன்னு ஒரு பக்கம். கடைசி பக்கம் ரைட்டர்கள் யாரும் வைக்க மாட்டாங்க, நீங்க வைங்க, ஏன்னா எதிர்ல உக்காந்திருக்கறவர் கதைய கேக்கறப்பவே மனசுல செலவத்தான் போட்டுட்டிருப்பார். மீட்டிங்ல கண்டிப்பா வர்ற கேள்வி, நூத்தம்பதாவது எபிசோட்ல என்ன நடக்கும்ங்கறது. முதல் எபிசோட அழகா சொல்றவங்க எல்லாரும் இங்கதான் தடுமாறுவாங்க, நீங்க அதுக்கான பதில முதல்ல எழுதிட்டு மத்தத அப்புறம் எழுதுங்க. ஃபைல் அனுப்புங்கன்னு சொன்னா வாட்ஸ்அப்ல தட்டி விட்டுடாதீங்க. அன்னிக்கே மெயில்ல, இன்னாரோட இத்தனாம் தேதி பேசினத ஒட்டி அனுப்பறேன்னு ரெண்டு வரியும், சங்கத்துல பதிவு பண்ணின நம்பரும் சேத்து அனுப்புங்க.